கசிமீரோ லூனாவின் காவல்

கண்ணால் பார்த்த சாவுக்கு அந்த ஊரில் விலை இரண்டு பெசோ. கூடவே ஒரு குப்பி ஜின். ஈட்டி பாய்ந்ததை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்று பார்த்திருந்தால் மூன்று பெசோ வரை ஏறும். யாரோ சொல்லக் கேட்டதென்றால் ஒரு கைப்பிடி புகையிலையோடு சரி. அழுதுகொண்டே சொல்பவர்களுக்கு நிக்கானோர் லார்ரல்தே கூடுதலாக எதுவும் தருவதில்லை. அழுகையைக் குறிப்பேட்டில் ஏற்ற முடியாது. ரான்கெல் இனத்துக் கிழவிகள் சொன்னதற்குச் சர்க்கரையும் மாத்தே பான இலையும்தான். தோற்றவர்களின் நினைவுக்குச் சந்தையில் என்றைக்குமே அடிமாட்டு விலை.

பதினைந்து ஆண்டுகளாக அவர் எல்லைப்போர்களை இப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பம்பா புல்வெளியின் மேற்கு ஓரத்தில், லாஸ் மெதானோஸ் என்ற ரயிலடி ஊரில், அப்பா விட்டுப்போன பலசரக்குக் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்பத்தாறு குறிப்பேடுகள் அடுக்கியிருந்தன. பழைய சிப்பாய்கள், சிறைபிடிக்கப்பட்டு மீண்டவர்கள், மாட்டு மந்தை ஓட்டியவர்கள் என்று உப்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சண்டையை விற்றுவிட்டுப் போனார்கள். நிக்கானோர் படித்துப் பட்டம் வாங்கியவரல்ல. ஆனால் ஒரு பொய்யைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறதென்று சொல்லிவிடுவார்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் ரொட்டி வண்டிக்காரன் செவெரோ கொண்டுவந்த சேதி அவருக்குச் சரியாகப் படவில்லை.

“பொனிஃபாசியா பேசுறேங்குது, தோன் நிக்கானோர். காசு வேணாமாம். ஜின்னும் வேணாமாம். ஆஜர்ப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, பொழுது சாயுற நேரத்துக்கு வரச் சொல்லுது.”

“ஜின்னும் வேணாமா?”

“அதான் நானும் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்.”

அவர் தராசுத் தட்டைத் துடைத்தபடி சிரித்துவைத்தார். ஆனால் இலவசமாகத் தருகிறேன் என்பவனிடம்தான் கைவிரலை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டில் பால்குடி மறப்பதற்கு முன்பே கற்பிக்கப்படும் பாடம்.

மறுக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை கல் நடப்போகிறார்கள். 1876-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரான்கெல் குதிரைப்படை அழித்த கல்தேன் மண்கோட்டையின் மேட்டில், பதினொரு சிப்பாய்களின் பெயரோடு, அவர்களுக்கு உணவு அனுப்பிய ‘நாட்டுப்பற்று மிக்க வணிகர்’ புருதென்சியோ லார்ரல்தேயின் பெயரும் பொறித்த கல். புருதென்சியோ, நிக்கானோரின் அப்பா. கல்லைக் கொத்தி முடித்துவிட்டார்கள். முடியாதது ஒன்றுதான். கோட்டை விழுந்தபோது உள்ளே ஏழு சிப்பாய்கள்தான் உயிரோடு இருந்தார்கள், மற்ற நால்வர் பட்டியலில் மட்டும் சாப்பிட்டார்கள் என்றொரு பேச்சு முப்பத்தாறு ஆண்டுகளாக ஊரில் உண்டு. எதிர்க்கடை ஸ்கார்பெல்லி சீட்டாடும்போதெல்லாம், “செத்தவனுக்கு ரொட்டி வித்த வீடு” என்று காதில் விழும்படி சொல்வான். பதினொருவரும் உயிரோடு இருந்ததற்கு நேரில் பார்த்தவர் சாட்சி ஒன்று வேண்டும், இல்லையென்றால் கல்லில் அந்த வரியைச் சுரண்டிவிடுவோம் என்று விழாக் குழு சொல்லிவிட்டது.

சார்ஜென்ட் பெரால்தாவின் விதவையிடமிருந்து நாற்பது பெசோவுக்கு வாங்கிய கோட்டையின் ஆஜர்ப் புத்தகம் அவரிடம் இருந்தது. கோட்டை விழுவதற்கு முந்தின மாலையோடு அது முடிகிறது. பதினொரு பெயர், பதினொன்றுக்கும் நேராக ‘ஆஜர்’. கீழே ராணுவ மேற்பார்வையாளரின் கையெழுத்து; அன்றிரவே அவர் எடுத்துக்கொண்டு கிளம்பியதால்தான் அந்தப் புத்தகம் தப்பியது. தாள் பேசிவிட்டது, ஒரு வாயும் பேச வேண்டும். அந்தக் கோட்டையிலிருந்து பிழைத்த ஒரே வாய் பொனிஃபாசியா ரொல்தான். அப்போது சிப்பாய்களுக்குத் துணி துவைத்து, சமைத்து, காயம் கட்டிய பெண்களில் ஒருத்தி.

ஒற்றைக் குதிரை வண்டியில் ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஜூன் குளிர்காலம்; உறைபனி புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. கோட்டை என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை. ஒரு மண்மேடு, அதைச் சுற்றிப் பாதி தூர்ந்த அகழி, அகழியின் கரையில் அவளுடைய மண்குடிசை. வண்டியை மேட்டின் மேற்குப் பக்கம் நிறுத்தப் போனார்.

“அங்க கட்டாதீங்க, கடைக்காரரே!” குடிசை வாசலில் பூசணிக்காய் சீவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலேயே சொன்னாள். “அது ஆள் நிக்கற இடம்.”

அங்கே ஆள் யாரும் இல்லை. புல் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு முளைக்காமல் இருந்தது.

உள்ளே எலும்பும் சாணமும் எரியும் அடுப்பின் புகை. நனைந்த ஆட்டுத்தோலின் வாடை. அவற்றுக்கு அடியில், சமையலுக்குச் சம்பந்தமில்லாமல், காடியின் புளித்த நெடி. மாத்தே குடுவையை அவர் கையில் திணித்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். அறுபது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே தூங்காதவர்களின் கருப்பு.

“மூணு தடவை ஆள் அனுப்பினேன். மூணு தடவையும் நாயை அவுத்துவிட்டீங்க,” என்றார்.

“நாய் செத்துப்போச்சு. அதான் கூப்பிட்டேன்.” அவள் சிரிக்கவில்லை. “வாசிங்க. சார்ஜென்ட் மாதிரியே. பேரை இழுக்காம.”

அவர் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்தாள். ஏழு பெயர்களுக்கு அவளிடம் ஏதாவது இருந்தது. ஒருவன் நன்றாகக் கிதார் வாசிப்பான், ஒருவன் துவைத்த துணிக்குக் காசு தர மாட்டான். எட்டாவது பெயரிலிருந்து அவள் பேசவில்லை. சிரியாக்கோ ஓவியேதோ. தமாசியோ வேரா. அன்செல்மோ கிரோகா. கசிமீரோ லூனா.

“அன்னைக்குச் சாயங்காலம் பதினொரு பேரும் ஆஜர் சொன்னாங்களா, தோன்யா பொனிஃபாசியா? உங்க காதால கேட்டீங்களா?”

“கேட்டேன். பதினொரு ஆஜர்.”

நிக்கானோருக்குள் ஏதோ கட்டு அவிழ்ந்தது. பேனாவை எடுத்தார்.

“எழுதறதுக்கு முன்னாடி முழுசாக் கேளுங்க,” என்றாள். “அந்த நாலு பேரும் எட்டு நாளைக்கு முன்னாடியே அம்மையில போய்ச் சேர்ந்துட்டாங்க. நான்தான் காடியில துணிய நனைச்சு மூஞ்சிய மூடினேன். குதிரைக் கொட்டடிக்கு அடியில புதைச்சோம். பேரை மட்டும் புதைக்கல. நாலு ஆள் ரொட்டி, நாலு ஆள் சம்பளம். சார்ஜென்டுக்குப் பாதி, உங்க அப்பாவுக்குப் பாதி. எல்லாக் கோட்டையிலயும் நடந்ததுதான், அதுக்காக நான் யாரையும் சபிக்கல. அன்னைக்குன்னு பார்த்து மேற்பார்வை பார்க்க ஒரு அதிகாரி வந்து குதிச்சான். சரக்கு வண்டியோட உங்க அப்பாவும் இருந்தாரு.”

பேனாவின் மூடியை அவர் மறுபடி திருகினார்.

“இருட்டுற நேரம். மூணு பேர் சுவர் மேல நின்னுக்கிட்டு, ஆளுக்கு ரெண்டு தடவை குரலை மாத்திப் பதில் சொன்னாங்க. நாலாவது ஆள் தன் பேருக்குப் பதில் சொன்ன கையோட, குடிச்ச ஜின்னுல மட்டையாயிட்டான். உங்க அப்பா கொண்டாந்த ஜின்தான். லூனா பேரைக் கூப்பிட்டாங்க. சத்தமில்ல. அதிகாரி பென்சிலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நிக்கறான். அப்பதான் வண்டிக்குப் பின்னாலருந்து, போஞ்சோப் போர்வையை வாயில பொத்திக்கிட்டு, ஒரு குரல்: ஆஜர்.” அவள் கத்தியை மடியில் வைத்தாள். “எனக்கு அந்தக் குரல் தெரியும். அன்னைக்கு மத்தியானம் எனக்கு உப்பு நிறுத்துக் கொடுத்த குரல்.”

அடுப்பில் ஒரு எலும்பு வெடித்தது.

“எங்க கோட்டையில ஒரு வழக்கம். யாரும் எழுதிவைக்கல. ஒருத்தன் தூங்கிட்டான், குடிச்சிட்டான்னு அவன் பேருக்கு நீ ஆஜர் சொன்னா, அன்னைக்கு ராத்திரி அவன் காவலுக்கும் நீதான் போகணும். அந்த மூணு பேரும் போனாங்க. சார்ஜென்ட் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு உங்க அப்பாகிட்ட வந்து, ‘லூனா, மேற்குக் காவல் உன்னுது’ன்னாரு. உங்க அப்பா சிரிச்சாரு. ஒரு கட்டு சிகரெட்டைக் கையில வச்சிட்டு வண்டிக்கடியில படுத்தாரு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போயிட்டாரு.”

“வேற ஆளைப் போட்டிருக்கலாமே!”

“பேர் சொன்னவன் இருக்கும்போது இன்னொருத்தனை எப்படிப் போடுவாங்க? வழக்கம் வழக்கந்தான். மேற்கு சும்மா கிடந்துச்சு. மேற்குலருந்துதான் ரான்கெல்காரங்க வந்தாங்க. நான் அகழித் தண்ணியில கழுத்து வரைக்கும் கிடந்தேன்.” அவள் வாசலுக்கு வெளியே பார்த்தாள். சூரியன் புல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. “அன்னையிலருந்து தினம் இந்த நேரத்துக்குச் சார்ஜென்ட் பட்டியல் கூப்பிடறாரு. பத்துப் பேர் பதில் சொல்றாங்க. லூனா பேர்ல நின்னுபோகுது. நிஜ லூனாவால சொல்ல முடியல. அவன் பேருக்கு வேற ஒரு வாய் சொந்தமாயிடுச்சு. கூட்டுத்தொகை போட முடியாம மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கறாரு. நாய் இருந்தவரைக்கும் அது குலைச்சு அந்தச் சத்தத்தை மறைச்சுது. இப்போ எனக்குத் தூக்கமில்ல, கடைக்காரரே.”

அவள் கேட்டது சின்ன விஷயம்தான். அந்த நான்கு பெயர்களுக்கு நேராக, லார்ரல்தே வீட்டுக் கையால், ‘அம்மையில் இறந்தார்’ என்று எழுத வேண்டும். நான்கு வரி. அவ்வளவுதான் அவளுடைய விலை.

நிக்கானோர் மனதுக்குள் தராசைத் தூக்கினார். ஒரு தட்டில் கிழவியின் தூக்கம். மறு தட்டில் கல், அப்பாவின் பெயர், ஸ்கார்பெல்லியின் சிரிப்பு, பதினைந்து ஆண்டு உழைப்பு. வேதனையோடுதான் நிறுத்தார். ஆனால் நிறுத்துவிட்டார்.

“நீங்க கேட்டதை மட்டும் எழுதிக்கிறேன். பதினொரு ஆஜர் கேட்டேன்னு. அது நிஜந்தானே?”

“நிஜந்தான்.”

“அதுல கையெழுத்துக்கு ஒரு சிலுவை போடுங்க.”

அவள் பேனாவை வாங்கிக் கோணலாக ஒரு சிலுவை கீறினாள். “உங்க அப்பாவுக்கு நீங்க மகன்தான், சந்தேகமே வேணாம். இப்போ லூனா உங்க கணக்குலயும் ஆஜர். சரி, அப்போ ஒரு சாயங்காலம் அந்த இடத்துல நில்லுங்களேன். ஒரே ஒரு சாயங்காலம்.”

“எனக்கு மூட்டு வலி, தோன்யா,” என்றார். சிரித்தார்.

குடிசையில் அவர் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி, கடிவாளத்தைத் தளர்த்தி, சக்கரம் உறைபுல்லை நொறுக்கும் ஓசையில் மனம் லேசாகி, ஞாயிற்றுக்கிழமை போட வேண்டிய கருப்புக் கோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகுதான், தன் விரல்கள் தொடையில் எதையோ எண்ணிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். கிடங்கில் மூட்டை இறக்கும்போது விழும் தொம் தொம் போல, மனிதக் குரலா நிலத்தின் அதிர்வா என்று பிரிக்க முடியாத ஒன்று, பின்னாலிருந்து சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

பிறகு இல்லை.

வண்டியை நிறுத்தினார். ஆள்காட்டிப் பறவைகள் அந்த நேரத்தில் கத்தித் தீர்க்கும், ஒன்றும் கத்தவில்லை. யாரோ பதிலுக்குக் காத்திருக்கும்போது ஓர் அறையில் நிலவுமே, அந்த அமைதி, கூரையில்லாத அத்தனை பெரிய வெளியில் நின்றது. தொண்டையில் ஏதோ முட்டியது. இருமல் என்று நினைத்துக் குதிரையைத் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை முழுக்கக் கடையில் கூட்டம். விழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் மெழுகுவர்த்தியும் ரிப்பனும் வாங்கினார்கள். சாட்சியை வாங்கிப் படித்த விழாக் குழுத் தலைவர் அவரைத் தழுவிக்கொண்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பொழுது சாயும்வரை.

விளக்கு ஏற்றும் நேரம். கடையில் அவரும் மனைவி அமாலியாவும் மட்டும். காடியின் வாடை முதலில் வந்தது. பீப்பாய்களைப் போய்ப் பார்த்தார்; அடைப்பு இறுக்கமாக இருந்தது. பிறகு தெருப் பக்கத்திலிருந்து, சாத்திய பலகைகளுக்கு அந்தப் பக்கம், பெயர்கள். நேற்றுப் போலக் கலங்கலாக இல்லை. பெயர், இடைவெளி, ஆஜர். பெயர், இடைவெளி, ஆஜர். சளி கட்டிய குரல்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரத்திலிருந்து, சில நிற்பவர்களின் உயரத்திலிருந்து, மூன்று மட்டும் தரைக்குக் கீழேயிருந்து.

கசிமீரோ லூனா.

தொண்டையில் மறுபடி அந்த முட்டல். இந்த முறை அது இருமல் இல்லையென்று அவருக்குத் தெரிந்தது. நாக்கு தானாக மேலண்ணத்தைத் தேடிப் போயிற்று. கைக்குட்டையை உருட்டிப் பல்லுக்கு நடுவே திணித்துக்கொண்டார்.

“என்னங்க இது? பல்வலியா?” அமாலியா துணிச்சுருளைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

“உங்க அப்பாவுக்கும் இதே நேரத்துக்குத்தான் வரும். கல்யாணமாகி வந்த புதுசுல பார்த்திருக்கேனே. பொழுது சாஞ்சா சேணத்துத் தோல்வாரைக் கடிச்சுக்கிட்டு மூலையில உட்கார்ந்திருப்பாரு. பல்லெல்லாம் விழுந்தப்புறமும் கடிச்சாரே, அதான் எனக்குப் புரியல.” அவள் விளக்கின் திரியைத் தூண்டினாள். “நாளைக்கு எனக்குத் தொப்பி நீலமா, கருப்பா?”

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அவள் உள்ளே போனதும் ஆஜர்ப் புத்தகத்தைக் கல்லாவின் மேல் விரித்தார். கல்லாவிலிருந்த தொட்டெழுதும் பேனாவை மையில் தோய்த்தார். நான்கு வரி. கசிமீரோ லூனா என்ற பெயருக்கு மேலே பேனாமுனை நின்றது. ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழத் தயாராயிற்று. எழுதிவிட்டால் இன்றிரவு இது முடியும். எழுதிவிட்டால் நாளைக்குக் காலையில் உளிக்காரன் வந்து அப்பாவைச் சுரண்டுவான். பத்திரிகைக்காரன் வந்திருக்கிறான். நாற்பத்தாறு குறிப்பேடுகளையும் அப்புறம் யார் நம்புவார்கள்? திங்கட்கிழமை எழுதலாம், என்று தன்னோடு பேரம் பேசினார். கல் நட்ட பிறகு, சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல். திங்கட்கிழமை கண்டிப்பாக.

மைச்சொட்டைப் புட்டிக்குள்ளேயே உதறிவிட்டார்.

ஞாயிறு விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. அதற்காகத்தான் அவர் சம்மதித்திருந்தார். வெயில் இருக்கும்போதே பொனிஃபாசியாவின் சாட்சியை வாசித்துவிட்டு வீடு திரும்பிக் கைக்குட்டையோடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் தலைநகரப் பிரதிநிதி வந்த ரயில் தாமதம். மூன்றாயிற்று. நான்காயிற்று. மண்மேட்டில் முந்நூறு பேர் குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். இசைக்குழு ஊதுகுழல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது. நீண்ட மேசைகளில் இறைச்சி அடைத்த எம்பனாதாக்கள் ஆறின. நிக்கானோர் சூரியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தலைவரே, ஆரம்பிச்சுடலாமே,” என்றார் மூன்றாவது முறையாக.

“அவசரப்படாதீங்க, தோன் நிக்கானோர். முப்பத்தாறு வருஷம் பொறுத்தாச்சு.”

நாலரை மணிக்குப் பிரதிநிதி வந்தார். அவர் பேசினார். வெகுநேரம் பேசினார். கல்லின் மேலிருந்த கொடியை இழுத்தபோது எழுத்துகளில் கடைசி வெளிச்சம் சிவப்பாகத் தேங்கியது. பிறகு விழாக் குழுத் தலைவர், முன்கூட்டி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த தன் யோசனையைப் பெருமையோடு அறிவித்தார். நமது வரலாற்றாசிரியர் அந்தக் கோட்டையின் ஆஜர்ப் புத்தகத்தையே வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மக்கள் அனைவரும் ஒரே குரலில் ‘ஆஜர்’ சொல்ல வேண்டும்.

மறுக்க வாயெடுத்தார். முந்நூறு முகங்கள். முதல் வரிசையில் நீலத் தொப்பியோடு அமாலியா. அவளுக்குப் பக்கத்தில் ஸ்கார்பெல்லி, கையைக் கட்டிக்கொண்டு. பார்வைக்கு வைத்திருந்த புத்தகத்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார்கள்.

முதல் பெயர். கூட்டம் இடி போல, “ஆஜர்!”

நல்லது. உயிருள்ள குரல்கள். குழந்தைகளின் கீச்சுக்குரல்கூட இருந்தது. இரண்டாவது பெயர். மூன்றாவது. மூச்சு சீராயிற்று. அவ்வளவுதான், இந்த முந்நூறு பேர் லூனாவுக்கும் பதில் சொல்லிவிடுவார்கள், முந்நூறு பேரும் பங்கிட்டுக்கொள்வார்கள், ஆளுக்கு ஒரு நொடிக் காவல் கூட வராது. ஐந்தாவது பெயரில் அவர் கிட்டத்தட்ட புன்னகைத்தார்.

ஏழாவது பெயருக்குப் பதில் வந்தபோது தற்செயலாகத் தலையைத் தூக்கினார்.

கூட்டத்தில் ஒரு வாயும் திறந்திருக்கவில்லை.

அமாலியாவின் உதடுகள் மூடியிருந்தன. இசைக்குழுவின் உதடுகள் மூடியிருந்தன. முந்நூறு பேரும் மரியாதையோடு, அசையாமல், தூங்குபவர்களைப் போல நின்றார்கள். பதில் வந்தது அவருக்குப் பின்னாலிருந்து. அகழிப் பக்கத்திலிருந்து.

நிறுத்த நினைத்தார். பார்வை அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது.

“சிரியாக்கோ ஓவியேதோ.”

காலுக்கு அடியில். “ஆஜர்.”

“தமாசியோ வேரா.”

“ஆஜர்.” மண் லேசாக அதிர்ந்தது. காடி. காடியும் ஈரத்துணியும்.

“அன்செல்மோ கிரோகா.”

“ஆஜர்.”

புத்தகத்தை மூட வேண்டும். கைகள் கேட்கவில்லை. கைக்குட்டை கோட்டுப் பையில். எட்டவில்லை. சூரியனின் கடைசிக் கீற்று புல்லுக்குள் இறங்கியது.

“கசிமீரோ லூனா.”

அதைச் சொன்னது அவர் குரல்தானா?

அமைதி.

காற்றில்லை. பறவையில்லை. முந்நூறு பேரின் மூச்சு வெள்ளையாக வந்து அப்படியே நின்றது. பின்னால் யாரோ பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அது அவருக்குப் பிடரியில் தெரிந்தது. காத்திருந்தார்கள். இன்னும் காத்திருந்தார்கள். பல்லை இறுக்கினார். தாடை வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மாதாவே. திங்கட்கிழமை. திங்கட்கிழமை எழுதுகிறேன். நாலு வரியும்.

வாய் திறந்தது.

“ஆஜர்.”

உடனே கைதட்டல். இசைக்குழு முழங்கியது. கூட்டம் கலைந்து, சிரித்து, மேசைகளை நோக்கி நகர்ந்தது. யாரோ எம்பனாதாவைக் கடித்து, ஆறிவிட்டதென்று திட்டினார்கள். ஸ்கார்பெல்லி அவரைத் தாண்டிப் போனான். தோளில் இடித்திருக்க வேண்டும், இடிக்கவில்லை. ஆஜர்ப் புத்தகம் கல்லின் அடியில் கிடந்தது; தலைவர் குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினார்.

“எங்க நம்ம வரலாற்றாசிரியர்? இப்பதானே இங்க நின்னாரு!”

“நிக்கானோர்!” அமாலியா இங்குமங்கும் பார்த்தாள். “இந்த மனுஷன் எங்க போயிட்டாரு? நிக்கானோர்!”

அவர் மேட்டின் மேற்குப் பக்கத்தில், புல் முளைக்காத அந்த ஒரு சாண் மண்ணில், அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் ஈரமான துப்பாக்கி இரும்பின் கனம். இதோ இருக்கிறேன் என்று சொல்லப் பார்த்தார். நாக்கு அசையவில்லை. அவள் கூப்பிடும் பெயர் அவருடையதாக இல்லை. அவள் இன்னும் இருமுறை கூப்பிட்டாள், பயத்தோடு. பிறகு விளக்கோடு வண்டிகள் நின்ற பக்கம் தேடிப் போனாள். நீலத் தொப்பி இருட்டில் கருப்பாயிற்று.

குடிசை வாசலில் பொனிஃபாசியா மட்டும் நேராக அவரையே பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

மேற்கே, புல்வெளியின் விளிம்பில், குளம்புகள் எழுப்பும் தூசு ஒரு நீளக் கோடாக எழத் தொடங்கியது.

பின்னால் சார்ஜென்ட் பெரால்தா கூட்டுத்தொகையை வாசித்தார், பென்சில் தாளில் உரசும் சத்தத்தோடு, நிதானமாக, வெகுநாள் பாக்கி ஒன்றைத் தீர்த்தவரின் நிறைவோடு:

“பட்டியலில் பதினொன்று. ஆஜர் பதினொன்று. இறந்தவர் இல்லை. குறைவு இல்லை.”